வாஸ் பீயிங்: ஒரு தப்பு ரைட்டான கதை



ஒரு மார்க் போனதால் எழுதும் கட்டுரை இது. ஒரே ஒரு மார்க்தான்.

போன செமஸ்டர் இன்டர்னல் தேர்வு. அக்கவுண்ட்ஸ் தாளில் 'கேபிடல் வொர்க் இன் ப்ராக்ரஸ்' பற்றி ஒரு பத்தி எழுதச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். எனக்கு விஷயத்தில் பிரச்சனை வராது, வாக்கியத்தில்தான் வரும். 'மார்ச் 31 அன்று தொழிற்சாலை கட்டி முடியவில்லை, வேலை நடந்துகொண்டிருந்தது' என்று மனதுக்குள் தமிழில் ஓடியதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கினேன்: "தி ஃபேக்டரி வாஸ் பில்டிங் ஆன் 31 மார்ச்."

விடைத்தாள் கொடுத்த அன்று சார் அந்த வாக்கியத்தை வகுப்பில் சத்தமாக வாசித்தார். யார் எழுதியது என்று சொல்லவில்லை, அந்த அளவுக்கு நல்லவர். "ஏம்ப்பா, ஃபேக்டரி யாரைக் கட்டிக்கிட்டு இருந்துச்சு? பத்திரிகை எல்லாம் அடிச்சாச்சா?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் (வேறு யாரோ எழுதியது என்று நினைக்கட்டுமே!). என் தாளில் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் 'வாஸ் பீயிங் பில்ட்' என்று திருத்தம்.

அந்த வட்டம் சில நாள் மண்டையிலேயே நின்றது. 'பீயிங்' என்கிற அந்த ஒரு வார்த்தை எங்கிருந்து வந்தது, அது இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கிடைத்தது நான் எதிர்பார்க்காத கதை. நான் எழுதிய மாதிரியான வாக்கியம் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் சர்வ சாதாரணம். சார் திருத்திக் கொடுத்த வடிவம்தான் அதற்குப் பிறகு பல காலம் தப்பு என்று திட்டு வாங்கியது. அந்தத் தப்பு எப்படி ரைட்டாகி என் விடைத்தாள் வரை வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அர்த்தம்

காமர்ஸ் மாணவர்களுக்கு இதை விளக்குவது ரொம்ப சுலபம். 'வாஸ் பில்ட்' என்றால் வேலை முடிந்தது. அது சொத்துப் பட்டியலில் கட்டடமாக ஏறிவிடும், பயன்படுத்தத் தயாரான நாளிலிருந்து தேய்மானம் போட ஆரம்பிக்கலாம். 'வாஸ் பீயிங் பில்ட்' என்றால் வேலை நடந்துகொண்டிருந்தது. பணம் செலவாகிவிட்டது, ஆனால் கட்டடம் இன்னும் கட்டடமாகவில்லை. அதை பேலன்ஸ் ஷீட்டில் 'கேபிடல் வொர்க் இன் ப்ராக்ரஸ்' என்று தனி வரியில் காட்ட வேண்டும். இரண்டு வாக்கியத்துக்கும் ஒரு வார்த்தைதான் வித்தியாசம், ஆனால் கணக்கில் இரண்டும் வேறு வேறு வரி.

ஒரு நிஜ உதாரணம் பார்ப்போம். லண்டனில் தேம்ஸ் நதிக்கு அடியில் மார்க் புரூனல் என்ற பொறியாளர் தோண்டிய சுரங்கம். 1825-ல் வேலை ஆரம்பித்தது. 1827-ல் நதி உள்ளே புகுந்தது. 1828 ஜனவரியில் மறுபடி புகுந்து ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். புரூனலின் மகன் இசம்பார்ட் மயிரிழையில் தப்பித்தார். அதன்பின் வேலை நின்று, 1835-ல் தொடர்ந்து, 1843-ல்தான் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்றைக்கும் அதில் ரயில் ஓடுகிறது.

'சுரங்கம் 1843-ல் கட்டி முடிக்கப்பட்டது' என்று சொன்னால் அது ஒரு தேதி, அவ்வளவுதான். 'சுரங்கம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது ஆறு பேர் இறந்தார்கள்' என்று சொன்னால்தான் அந்தப் பதினெட்டு வருஷமும், உள்ளே நின்று மண் வெட்டியவர்களும் வாக்கியத்துக்குள் வருகிறார்கள். ஒரு காரியம் ஆரம்பித்து முடிவதற்குள் இருக்கிற நடுப்பகுதியைச் சொல்வதற்கு ஒரு மொழிக்கு ஏதாவது ஒரு வழி வேண்டும். ஆங்கிலம் அந்த வழியைத் தேடி அலைந்த கதைதான் 'பீயிங்'கின் கதை.

பீயிங் இல்லாத காலம்

'நடந்துகொண்டிருக்கிறது' என்று சொல்லும் பழக்கமே ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் இன்றைய அளவுக்குக் கிடையாது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் கையில் புத்தகத்தோடு வருகிற காட்சியில், என்ன படிக்கிறீர்கள் என்று பொலோனியஸ் கேட்பான். இன்றைக்கு நாம் எழுதினால் 'ரீடிங்' என்று போட்டுத்தான் எழுதுவோம். அவன் வெறும் 'ரீட்' போட்டுக் கேட்கிறான். அன்றைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கட்டடம் விஷயத்துக்கு வருவோம். ஒரு வீடு பாதி எழும்பி நிற்கிறது. அதை எப்படிச் சொல்வது? பழைய ஆங்கிலேயர்கள் 'கட்டுதலில் இருந்தது' என்கிற மாதிரி சொன்னார்கள். 'இன் பில்டிங்' அல்லது 'எ-பில்டிங்'. 1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், ஜெருசலேம் ஆலயம் நாற்பத்தாறு வருஷமாகக் கட்டப்பட்டது என்று யோவான் சுவிசேஷத்தில் வரும் இடத்தில் இந்த 'இன் பில்டிங்' வடிவம்தான் இருக்கிறது. இங்கே 'பில்டிங்' என்பது வினைச்சொல் இல்லை, வேலையின் பெயர்.

இதில் எனக்கு ஒரு சந்தோஷம். நம் ஊர்ப் பேச்சும் இதேதான்! பத்திரிகைக்காரர்தான் 'பாலம் கட்டப்பட்டு வருகிறது' என்று எழுதுவார். டீக்கடையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "பாலம் வேலை நடந்துக்கிட்டு இருக்கு" அல்லது "பாலம் கட்டிக்கிட்டு இருக்காங்க", இந்த இரண்டில் ஒன்றுதான். முதல் வாக்கியம் கிட்டத்தட்ட பழைய 'இன் பில்டிங்' வழி. நான் தேர்வில் எழுதிய தப்பு பாட்டன் பூட்டன் காலத்து ஆங்கிலத்தின் தூரத்துச் சொந்தம்.

நாளாவட்டத்தில் அந்த 'எ' தேய்ந்து காணாமல் போனது. மிச்சம் நின்றது 'தி ஹவுஸ் வாஸ் பில்டிங்'. வீடு கட்டிக்கொண்டிருந்தது என்றால் வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். பதினெட்டாம் நூற்றாண்டில் கடிதம், நாவல், செய்தித்தாள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கு. ஜேன் ஆஸ்டினின் 'நார்தாங்கர் அபி' நாவலில் பெட்டிகளை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிற ஒரு இடம் வரும். பெட்டிகள் 'வேர் கேரியிங்' என்றுதான் ஆஸ்டின் எழுதியிருக்கிறார். பெட்டிகளே எதையோ தூக்கிக்கொண்டு போனதாக அன்றைக்கு யாரும் குழம்பவில்லை.

முதல் சிவப்பு மை

ஆனால் ஒருவர் மட்டும் முகம் சுளித்தார், அதுவும் சாதாரண ஆள் இல்லை. ஆங்கில அகராதியை ஏறக்குறைய ஒற்றை ஆளாக உருவாக்கிய டாக்டர் சாமுவேல் ஜான்சன். 1755-ல் வந்த அந்த அகராதியின் முன்பகுதியில் ஒரு சிறு இலக்கணமும் எழுதியிருந்தார். அதில் 'கிராமர் இஸ் பிரிண்டிங்' போன்ற வாக்கியங்கள் கெட்டுப்போன வழக்கு என்றார். சுத்தமான பழைய வடிவம் 'எ-பிரிண்டிங்', அதிலிருந்து சிதைந்து வந்ததுதான் இது என்பது அவர் கட்சி.

அதாவது என் வாக்கியத்துக்கு 1755-லேயே ஒரு சிவப்பு வட்டம் விழுந்தாயிற்று. காரணம்தான் வேறு. எங்கள் சாருக்கு அதில் 'பீயிங்' இல்லை என்று குறை, ஜான்சனுக்கு 'எ' இல்லை என்று குறை.

சுவாரசியம் என்னவென்றால், தன் கவிஞர் வரலாற்று நூல் மறுபதிப்பாகிக்கொண்டிருப்பதை நண்பர் பாஸ்வெலுக்குக் கடிதத்தில் சொல்லும்போது ஜான்சனே 'ரீபிரிண்டிங்' என்று அதே கெட்ட வழக்கில்தான் எழுதுகிறார். வாத்தியாரும் வீட்டுக்குப் போனால் நம்மை மாதிரிதான் பேசுவார் போல :-)

எங்கே இடித்தது?

வீடு, பெட்டி, புத்தகம் என்று உயிரில்லாத பொருள்கள் வரை இந்த வடிவத்தில் சிக்கல் இல்லை. வீடு தானாக எதையும் கட்டாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் உயிருள்ளவர்கள் வந்தால்?

'தி பாய் வாஸ் பீட்டிங்' என்று எழுதுங்கள். பையன் அடித்துக்கொண்டிருந்தானா, அடி வாங்கிக்கொண்டிருந்தானா? சாதாரணமாகப் படித்தால் பையன் அடிக்கிறவன். அவன் அடி வாங்குகிறவன் என்று சொல்ல வேண்டுமானால் 'வாஸ் பீட்டன்' என்றுதான் எழுத வேண்டும். அப்படி எழுதினால் 'அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்தது' என்கிற அர்த்தம் கை நழுவிவிடும். அடித்தவனுக்கு நிகழ்வைத் தொடர்ச்சியாகச் சொல்ல ஒரு வடிவம் இருந்தது. அடி வாங்கியவனுக்கு அதே வசதி இல்லை.

யோசித்துப் பார்த்தால் இது சின்னக் குறை இல்லை. மருத்துவர் கட்டுப் போடும்போது குழந்தை என்ன செய்தது? விசாரிக்கும்போது கைதி என்ன சொன்னான்? ஏலம் விடும்போது சொந்தக்காரன் எங்கே நின்றான்? படுகிறவன் பக்கத்திலிருந்து, பட்டுக்கொண்டிருக்கும் அந்த நேரத்தைச் சொல்ல வேண்டும். அதற்கான இடம் ஆங்கிலத்தில் காலியாக இருந்தது.

இருபது வயசுக்காரர்கள் நிரப்பிய இடம்

அந்தக் காலியிடத்தில் 'பீயிங்' எப்போது வந்து உட்கார்ந்தது? ஆய்வாளர்கள் காட்டும் மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று மால்ம்ஸ்பரி பிரபு குடும்பத்துக் கடிதங்களில் இருக்கிறது, தேதி 1772 டிசம்பர் 8. தபால் கிளம்பிய நேரத்தில் நாடாளுமன்றக் கீழவையில் ஒரு விஷயம் அநேகமாக விவாதிக்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கும் என்று அதில் வரும். 'வாஸ் பீயிங் டிபேட்டட்.' கவனியுங்கள், அது புத்தகம் இல்லை, கடிதம். இலக்கணம் பார்க்க யாரும் இல்லாத இடத்தில்தான் புது வடிவம் முதலில் தலை காட்டியிருக்கிறது.

அடுத்தது 1795. ராபர்ட் சவுதி என்ற இளைஞர் (அரேபியா இல்லீங்க, இவர் பெயரே அதுதான்) பள்ளித் தோழன் குரோவ்னர் பெட்ஃபோர்டுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். முரட்டுக் கை நாவிதர் ஒருவர் கடைவாய்ப் பல்லை வேரோடு பிடுங்கும்போது மாட்டிக்கொண்ட ஆளை அதில் வர்ணிக்கிறார். அந்தக் காலத்தில் பல் பிடுங்குவதும் நாவிதர் வேலைதான். பழைய வழக்குப்படி 'பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறது' என்று எழுதினால் அந்த வலி வருமா? சவுதி 'இஸ் பீயிங் டோர்ன்' என்று எழுதினார். பல் பிடுங்குவதைவிட இந்த வடிவத்துக்குப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. படுகிறவனுக்குத்தானே தெரியும் அது எவ்வளவு நேரம் நீள்கிறது என்று!

1797-ல் கோல்ரிட்ஜ். தாமஸ் பூல் என்ற நண்பருக்குத் தன் சின்ன வயசுக் கதையைக் கடிதங்களாக எழுதுகிறார். கைக்குழந்தையாக இருந்தபோது எரிகிற கரியைக் கையில் எடுத்துச் சுட்டுக்கொண்டாராம். யங் என்ற மருத்துவர் அந்தக் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் முதல்முதலாக வாய் திறந்து பேசினாராம், அதுவும் அந்த டாக்டரைத் திட்டி. கை கட்டுப் போடப்பட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தை 'வாஸ் பீயிங்' போட்டு எழுதியிருக்கிறார். மேலே சொன்ன காலியிடத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான வாக்கியம்.

இவர்கள் யார்? சவுதிக்கு அப்போது இருபத்தொன்றை ஒட்டிய வயது. மாணவர்களைப் பிரம்பால் அடிப்பதை எதிர்த்துப் பத்திரிகையில் எழுதியதற்காக 1792-ல் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். கோல்ரிட்ஜ் கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்காமல் வெளியே வந்தவர். இரண்டு பேரும் சேர்ந்து அமெரிக்காவில் சஸ்குவஹானா நதிக்கரையில் எல்லோரும் சமமாக வாழும் ஊர் ஒன்றை அமைக்கப்போவதாகத் திட்டம் போட்டார்கள். ஊர் அமையவில்லை. ஆனால் 1795-ல் அக்கா தங்கை இருவரைக் கல்யாணம் செய்து சகலைகள் ஆனார்கள்.

லிண்டா ப்ராட், டேவிட் டெனிசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-ல் எழுதிய கட்டுரையில் இந்த நட்பு வட்டத்தைத்தான் ஆராய்ந்தார்கள். புது வடிவத்தின் ஆரம்பகால உதாரணங்கள் பல இந்த வட்டத்தைச் சுற்றியே கிடைக்கின்றன. புதுசாக எதையாவது செய்ய வேண்டும் என்று துடித்த நண்பர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் வழியாக அது ஓடியிருக்கிறது. நம் ஹாஸ்டலில் ஒருவன் ஆரம்பிக்கிற வார்த்தை ஒரே வாரத்தில் எல்லா ரூமிலும் கேட்குமே, அதே மாதிரி. இந்த சவுதி 1813-ல் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் ஆனார் என்பது தனிக் கதை.

இரண்டாவது சிவப்பு மை

கடிதத்தில் இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. அச்சில் ஏறியதும் ஆரம்பித்தது வசை.

1830-ல் டேவிட் பூத் என்ற அகராதிக்காரர் 'பாலம் இஸ் பீயிங் பில்ட்', 'சுரங்கம் இஸ் பீயிங் எக்ஸ்கவேட்டட்' போன்ற பிரயோகங்கள் கொஞ்ச காலமாகக் கண்ணுக்கு வலியும் காதுக்கு அதிர்ச்சியும் தருவதாக எழுதினார். அந்தச் சமயம் லண்டனில் நிஜமாகவே புதிய லண்டன் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது (1831-ல் திறந்தார்கள்), தேம்ஸ் சுரங்கம் பாதியில் நின்றிருந்தது. ஊர் முழுக்கக் கட்டுமான வேலை. அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, பேச வசதியான வடிவத்தைப் பயன்படுத்தினால் பண்டிதர்களுக்குக் காது வலி!

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கமும் இதே சத்தம். அமெரிக்காவில் கூல்ட் பிரௌன் 1851-ல் வெளியிட்ட தலையணை சைஸ் இலக்கண நூலில் எதிர்த்தார். அமெரிக்கத் தூதராக இருந்த, பின்னாளில் இயற்கைப் பாதுகாப்பு பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷும் ஆங்கில மொழி பற்றிய சொற்பொழிவுகளில் எதிர்த்தார். எல்லோரையும்விடப் பலமாக அடித்தவர் நியூயார்க் விமர்சகர் ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட். ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பித்த பெரிய மனிதர். 1870-ல் வந்த அவருடைய 'வேர்ட்ஸ் அண்ட் தேர் யூசஸ்' நூலில் இதற்கென்றே தனி அத்தியாயம் ஒதுக்கினார்.

ஒயிட்டின் வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 'இஸ்' என்றாலும் இருப்பது, 'பீயிங்' என்றாலும் இருப்பது. 'இஸ் பீயிங்' என்றால் 'இருந்துகொண்டு இருக்கிறது'. ஒரே வினையை இரண்டு தரம் அடுக்கினால் அர்த்தமா வரும், அபத்தம்தான் வரும் என்றார். அதனால் அறிவுள்ளவர்கள் 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்ற நல்ல பழைய ஆங்கிலத்தையே எழுத வேண்டும் என்பது இந்த எதிர்ப்பாளர்களின் தீர்ப்பு.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். 'நல்ல பழைய ஆங்கிலம்' என்று இவர்கள் கட்டிக் காத்தது எதை? 1755-ல் ஜான்சன் கெட்டுப்போன வழக்கு என்று தள்ளிய அதே வடிவத்தை! நூறு வருஷம் கழிந்ததில் தப்புக்கு நரை விழுந்து, பெரிய மனுஷன் ஆகிவிட்டது. புதுசாக வந்த பையன் திட்டு வாங்குகிறான்.

காசியிலிருந்து வந்த வக்கீல்

ஒயிட்டுக்குப் பதில் சொன்னவர் ஃபிட்ஸெட்வர்ட் ஹால். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் இவர்தான்.

1825-ல் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் பிறந்தவர். வீட்டை விட்டு ஓடிப்போன சகோதரனைத் தேடி 1846-ல் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார். கங்கையின் முகத்துவாரத்தில் கப்பல் உடைந்தது. பிழைத்துக் கரை ஏறியவர் இந்தியாவிலேயே தங்கி சமஸ்கிருதம் படித்தார், காசியில் இருந்த அரசு சமஸ்கிருதக் கல்லூரியில் ஆசிரியரானார். சமஸ்கிருத நூலைப் பதிப்பித்த முதல் அமெரிக்கர் என்று இவரைச் சொல்வார்கள். 1857 கலகத்தின்போது மத்திய இந்தியாவில் சாகர் கோட்டைக்குள் ஏழு மாதம் முற்றுகையில் மாட்டிக்கொண்டார். 1862-ல் இங்கிலாந்து போய் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியர், இந்தியா ஆபீசில் நூலகர். 1869-ல் ஒரு சர்ச்சையில் அந்த நூலக வேலை போனது. சஃபோக் மாவட்டத்தில் மார்ல்ஸ்ஃபோர்டு என்ற கிராமத்தில் ஒதுங்கி, புத்தகங்களோடு உட்கார்ந்துவிட்டார்.

அங்கிருந்துதான் அடித்தார். 1872-ல் ஒயிட்டை நேரடியாகத் தாக்கி ஒரு சிறு நூல். 1873-ல் 'மாடர்ன் இங்கிலிஷ்' என்ற நூல், அதன் பின்னிணைப்பில் 'இஸ் பீயிங் பில்ட்' பற்றி விரிவான அலசல். அவருடைய வழி நம் பாடத்துக்கு ரொம்பப் பக்கம். ஒயிட் தர்க்கம் பேசினார்: இப்படி இருக்கக் கூடாது, அதனால் இது தப்பு. ஹால் வவுச்சர் கேட்டார். அதாவது யார் எழுதினார்கள், எங்கே எழுதினார்கள் என்று ஆதாரம் காட்டு. சவுதி, கோல்ரிட்ஜிலிருந்து தன் காலத்து எழுத்தாளர்கள் வரை வரிசையாக உதாரணங்களை அடுக்கினார். இத்தனை பேர் எழுதி, இத்தனை பேர் படித்துப் புரிந்துகொண்ட ஒன்றை அர்த்தமில்லை என்று எப்படிச் சொல்வாய்?

ஒயிட்டின் தர்க்கம் எங்கே தடுக்கியது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவர் வார்த்தைகளைத் தனித்தனியாக எடுத்துக் கூட்டிப் பார்த்தார். ஆனால் 'வாஸ் பீயிங் பில்ட்' என்பதை யாரும் 'இருந்தது, இருந்துகொண்டு, கட்டப்பட்டு' என்று கூட்டிப் படிப்பதில்லை. மூன்றும் சேர்ந்து ஒரே வேலை செய்கிறது. 'கட்டிக்கொண்டிருந்தார்கள்' என்பதில் 'கொண்டு' இருக்கிறதே, அங்கே யார் எதைக் கொண்டார்கள்? யாரும் எதையும் கொள்ளவில்லை. நடந்துகொண்டிருப்பதைக் காட்ட அந்த வார்த்தையை மொழி வேலைக்கு வைத்துக்கொண்டது. 'பீயிங்'கும் அப்படித்தான்.

பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி தயாரானபோது அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மரேக்கு உதாரண வாக்கியங்கள் தேடித் தருவதிலும் மெய்ப்புத் திருத்துவதிலும் இருபது வருஷம் போல தினமும் மணிக்கணக்கில் உழைத்தார் ஹால், சம்பளமே இல்லாமல். 1901-ல் இறந்தார். அதற்குள் வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. எதிர்ப்பாளர்களின் குரல் தேய்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் பள்ளி இலக்கணப் புத்தகங்களே 'வாஸ் பீயிங்' வடிவத்தை அட்டவணை போட்டுப் பாடமாக வைத்தன. நாமும் 'ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ்' என்று மனப்பாடம் செய்தோமே, அந்த அட்டவணையில் இது ஒரு வரி. அந்த வரிக்காக ஒருவருக்கொருவர் இவ்வளவு அடித்துக்கொண்டார்கள் என்று அன்றைக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பழைய வடிவம் அடியோடு ஒழிந்துவிடவும் இல்லை. 'டீ இஸ் ப்ரூயிங்', 'டின்னர் இஸ் குக்கிங்', 'மூவி இஸ் ஷோயிங்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். டீயும் சாப்பாடும் எதையும் சமைப்பதில்லை. அவற்றைப் பார்த்து யாரும் சிவப்பு மை எடுப்பதும் இல்லை.

மூன்றாவது சிவப்பு மை

வரிசையாகப் போட்டுப் பார்ப்போம். 1755-ல் 'எ-பில்டிங்' சரி, 'பில்டிங்' தப்பு. 1870-ல் 'பில்டிங்' சரி, 'பீயிங் பில்ட்' தப்பு. இன்றைக்கு 'பீயிங் பில்ட்' சரி, 'பில்டிங்' தப்பு, ஒரு மார்க் அவுட். மூன்று காலத்திலும் சிவப்பு மை வைத்திருந்தவர்கள் முழு நம்பிக்கையோடுதான் வட்டம் போட்டார்கள். மூன்று பேருக்கும் தங்கள் பக்கம்தான் ஒழுங்கு, எதிர்ப்பக்கம் மொழியைக் கெடுக்கிறது.

'அப்படின்னா நீ எழுதினதும் சரிதானே, மார்க் கேட்கப் போ' என்று நண்பன் ஏற்றிவிட்டான். போகவில்லை. போனால் அது நேர்மையாக இருக்காது. நான் பதினெட்டாம் நூற்றாண்டு வழக்கைத் தெரிந்து எழுதவில்லை, தெரியாமல் எழுதினேன். அதைவிட முக்கியம், இன்று அந்த வாக்கியத்தைப் படிக்கிறவர் தடுக்கி விழுகிறார். எங்கள் வகுப்பே தடுக்கி விழுந்து சிரித்ததே, அதுதான் ஆதாரம். மொழி என்பது எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். ஒப்பந்தம் மாறிவிட்ட பிறகு பழைய பத்திரத்தைக் காட்டிப் பணம் கேட்க முடியாது. ஆடிட்டர் ரிப்போர்ட்டில் நான் 'வாஸ் பீயிங் பில்ட்' என்றுதான் எழுத வேண்டும், எழுதுவேன்.

ஆனால் ஒன்றை மட்டும் நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், அன்றைக்கு வந்த வெட்கத்தை. மார்க் போனதுகூட வலிக்கவில்லை. தப்பாக ஆங்கிலம் எழுதுகிறவன் அறிவில் ஏதோ குறைந்தவன் என்கிற அந்தச் சிரிப்புதான் வலித்தது. என்னை மாதிரி தமிழ் மீடியத்திலிருந்து வந்த பல பேர் வகுப்பில் வாய் திறக்காமல் மூன்று வருஷத்தை ஓட்டுவது இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான். விடை தெரிந்தும் கை தூக்க மாட்டோம். வாக்கியம் பிசகிவிடுமோ என்று அதை மனசுக்குள்ளேயே திருத்தி முடிப்பதற்குள் வேறு ஒருவன் பதில் சொல்லியிருப்பான்.

அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். விதியைக் கற்றுக்கொள்ளுங்கள், அது வேலைக்கு வேண்டும். ஆனால் அந்த விதி வானத்திலிருந்து விழுந்ததாக நினைத்துப் பயப்படாதீர்கள். இன்று நமக்கு மார்க் குறைக்கிற இதே 'வாஸ் பீயிங்' ஒரு காலத்தில் திட்டு வாங்கி, வெளியே நிறுத்தப்பட்டு, நூறு வருஷம் காத்திருந்து உள்ளே வந்தது. வந்ததற்குக் காரணம் அது அழகாக இருந்தது என்பதில்லை. பல் பிடுங்கப்படுகிறவனும், கை சுட்ட குழந்தையும் தங்களுக்கு நடந்துகொண்டிருந்ததைச் சொல்ல அது தேவைப்பட்டது.

போன வாரம் சாரைப் பார்த்து இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ 1770-ல பிறந்திருந்தா உனக்கு ஃபுல் மார்க்குப்பா" என்றார். ஜான்சன் சார் திருத்தாமல் இருந்தால் சார், என்றேன். இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்தே சிரித்தோம்.

என் ஆங்கிலம் இன்னும் முடியவில்லை. மார்ச் 31 நிலவரப்படி அது 'வொர்க் இன் ப்ராக்ரஸ்'. இட் வாஸ் பீயிங் பில்ட்!